புதுச் சக்கரம் மலைக்கு, பழையது தார்ச்சாலைக்கு

மவுண்டன் பைக் ஓட்டுபவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வந்துவிடும்: "இன்னொரு ஜோடி வீல் வாங்கலாம்னு இருக்கேன், எது வாங்கலாம்?" பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "பட்ஜெட்டுக்குள்ள எது ரொம்ப லைட்டோ, அதை வாங்குங்க." வண்டியோடு வந்த கனமான சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, எடை குறைந்த புதியதை எல்லா இடத்துக்கும் போட்டுக்கொள் என்பதுதான் இதற்குப் பொருள். இந்தப் பதில் எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. அப்படி வாங்குவது முதல் ஜோடிக்கு மாற்றுத்தானே தவிர, இரண்டாவது ஜோடி இல்லை. பழையது பரணுக்குப் போகும். வண்டி முன்பு போலவே ஒரே டயரில் ஊருக்குள்ளும் காட்டுப் பாதையிலும் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டவருக்கு இருந்த சிக்கல் அப்படியே இருக்கும்.

அந்தச் சிக்கல் என்ன? தமிழ்நாட்டில் மவுண்டன் பைக் வைத்திருப்பவர்கள் பலர் வாரத்தில் ஐந்தாறு நாள் தார்ச்சாலையில்தான் ஓட்டுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை, புறவழிச்சாலை, அலுவலகம் போகும் வழி. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை நீலகிரியின் தேயிலைத் தோட்டப் பாதை, கொடைக்கானல் பக்கத்து மண் தடம், ஏலகிரி, கொல்லிமலை. மலைக்கு ஏற்ற பெரிய கட்டை வைத்த டயர் தார்ச்சாலையில் வண்டு போல ரீங்காரமிட்டுக்கொண்டே பலத்தை உறிஞ்சும். விலை உயர்ந்த மென்ரப்பர் கட்டைகள் மலையையே பார்க்காமல் தேய்ந்து தீரும். தார்ச்சாலைக்கு ஏற்ற வழவழப்பான டயரைப் போட்டால், செம்மண் ஈரத்தில் முன்சக்கரம் முதல் வளைவிலேயே வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு டயரைத் தேடினால் இரண்டு இடத்திலும் அரைகுறைதான். டயரை மட்டும் மாற்றி மாற்றிப் போடலாமே என்றால், டியூப்லெஸ் டயரில் ஒவ்வொரு முறையும் பழைய சீலன்டை (ஓட்டையை அடைக்கும் திரவம்) துடைத்து, விளிம்பை உட்காரவைத்து, புதிதாக ஊற்றி, காற்று கசிகிறதா என்று இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டும். யாரும் இரண்டு முறைக்கு மேல் செய்வதில்லை. இரண்டாவது ஜோடியின் பயன் இந்த வேலையைப் பத்து நிமிடத்துக்குக் குறைப்பதில் இருக்கிறது. எடையைக் குறைப்பதில் இல்லை.

எடைக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். ஓட்டுபவர் 75 கிலோ, வண்டியும் தண்ணீரும் கருவிகளும் 15 கிலோ, மொத்தம் 90. புதுச் சக்கரத்தில் 400 கிராம் குறைகிறது என்று வையுங்கள். அது சின்ன வித்தியாசம் இல்லை, அதற்கு நல்ல விலை கொடுக்க வேண்டியிருக்கும். 90 கிலோவில் 400 கிராம் என்பது 0.44 சதவீதம். ஒரு மணி நேரம் ஏறும் செங்குத்தான மலைச்சாலையில் மிச்சமாவது அதிகபட்சம் 16 விநாடி. "சுழலும் எடை இரண்டு மடங்கு" என்று சொல்வார்கள். ரிம்மிலும் டயரிலும் உள்ள எடைக்கு அது ஏறக்குறைய உண்மைதான், ஆனால் வேகம் கூட்டும்போது மட்டும். அப்போதுகூட 800 கிராமுக்குச் சமம், ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஒரே சீராக ஏறும்போது 400 கிராம் வெறும் 400 கிராம்தான். கட்டை டயரிலிருந்து வழவழப்பான டயருக்கு மாறினால் கிடைக்கும் வித்தியாசம் இதைவிடப் பெரியது, முதல் தெருவிலேயே காலுக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே தேர்வு டயரிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது இடத்துக்கு எந்த டயர் வேண்டும், அந்த டயருக்கு எவ்வளவு அகலமான ரிம் வேண்டும், அந்த ரிம் எந்த ஹப்பில் (சக்கரத்தின் நடுவில் ஆக்சில் நுழையும் பகுதி) வர வேண்டும் என்பதே வரிசை. கடைகளிலும் இணையத்திலும் இது தலைகீழாக, ஹப்பின் பெயரிலும் ரிம்மின் எடையிலும் தொடங்குகிறது.

மலை டயர் 2.3 முதல் 2.5 இன்ச் வரை. அதற்கு உள் அகலம் 28 முதல் 30 மி.மீ. உள்ள ரிம் சரியாகப் பொருந்தும். டயர் பக்கவாட்டில் நெளியாமல் நிற்கும். 75 கிலோ ஆளுக்கு முன்னால் 20 முதல் 22, பின்னால் 23 முதல் 25 பிஎஸ்ஐ வரை காற்றைக் குறைக்க முடியும். தார்ச்சாலை டயர் 1.75 முதல் 2.1 இன்ச். அதற்கு 21 முதல் 25 மி.மீ. போதும். 30 மி.மீ. ரிம்மில் 40 மி.மீ. கிராவல் டயரை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விட்டம் ஒன்றாக இருப்பதால் மாட்டத்தான் முடியும். ஆனால் டயர் தட்டையாக விரிந்து, பக்கச்சுவர் ரிம்மை மூடாமல் போய்விடும். ஒரு குழியில் இறங்கினால் அடி நேராக ரிம் விளிம்பில் விழும். ரிம் தயாரிப்பாளர் தரும் டயர் அகல அட்டவணையை மீறுவதில் லாபம் எதுவும் இல்லை.

விட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 29 இன்ச் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ., சாலை சைக்கிளின் 700சி-யும் அதே அளவு. 27.5 இன்ச் என்றால் 584, பழைய 26 இன்ச் என்றால் 559. டிஸ்க் பிரேக் வண்டியில் பிரேக் ரிம்மைத் தொடுவதில்லை என்பதால் சின்ன விட்டச் சக்கரத்தையும் மாட்டிவிடலாம் என்று தோன்றும். 29 இன்ச் ரிம்மில் 2.4 டயர் போட்டால் தரையிலிருந்து ஆக்சில் வரை ஏறக்குறைய 370 மி.மீ. அதே ரிம்மில் 2.0 வழவழப்பு டயர் போட்டால் 361. பெடல் அச்சு ஒன்பது மி.மீ. இறங்கும், தார்ச்சாலையில் அது பொருட்டில்லை. 27.5 ரிம்மில் 2.8 டயரும் ஏறத்தாழ 360தான், அதுவும் ஓடும். 27.5 ரிம்மில் 2.25 டயர் போட்டால்தான் 348-க்கு இறங்கி, 22 மி.மீ. தாழ்ந்துவிடும். அந்த உயரத்தில் கல் பாதையில் பெடல் அடித்துக்கொண்டே இருக்கும். சக்கரம் சின்னதானால் கியரும் சிறுக்கும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. முன்னால் 32 பல், பின்னால் 11 பல், நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் 361 மி.மீ. ஆரத்தில் மணிக்கு 35 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போகலாம். அந்த வண்டியின் எல்லையே ஏறத்தாழ அதுதான். அதை மேலும் குறைக்கும் சக்கரம் தார்ச்சாலைக்கு எதற்கு?

வண்டியோடு வந்த ஜோடி

இந்தக் கணக்கையெல்லாம் எழுதி வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். நடுத்தர விலை மவுண்டன் பைக்கோடு வரும் சக்கரங்களைப் பாருங்கள். உள் அகலம் பெரும்பாலும் 23 முதல் 27 மி.மீ. வரை. 32 போக்ஸ் கம்பி. கோன் பேரிங் ஹப். கனம், ஆனால் உறுதி. எந்தத் தெருமுனைக் கடையிலும் பெண்டு எடுக்கலாம், கம்பி மாற்றலாம், கிரீஸ் வைக்கலாம். இதுதான் தார்ச்சாலை ஜோடி. 2.0 வழவழப்பு டயருக்கு அளந்து செய்தது போன்ற அகலம். குழியில் விழுந்தாலும் மனம் பதறாது. நிறுத்தி வைக்கிற இடத்தில் யார் கண்ணும் படாது. மாறாக மலையில் குறுகிய ரிம்மும், மெதுவாகப் பிடிக்கும் ஃப்ரீஹப்பும் (பின்ஹப்பில் பல்சக்கரங்கள் ஏறும், மிதிக்காதபோது வெறுமனே சுழல விடும் பகுதி) உடனே தெரிந்துவிடும். ஏற்றத்தில் பாறை மேல் சக்கரம் தயங்கும்போது பெடலை அரைச் சுற்று பின்னால் எடுத்து மறுபடி மிதிக்கிறோம். அதன் உள்ளே பிடித்து விடும் ராட்செட்டுக்கு 18 பல் என்றால் பிடிப்பதற்குள் ஃப்ரீஹப் 20 டிகிரி வரை வெறுமனே சுற்றும். 36 பல் என்றால் 10 டிகிரி, 54 பல் என்றால் 7 டிகிரிக்கும் குறைவு. தார்ச்சாலையில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. பாறையில் கால் தரையில் ஊன்றுவதா வேண்டாமா என்பதை அதுவே முடிவு செய்யும்.

எனவே காசைப் புது மலைச் சக்கரத்தில் போடுங்கள், பழையதைத் தார்ச்சாலைக்கு வையுங்கள். "லைட் வீல் வாங்கி ரோட்டுல பறக்கலாம்" என்ற பேச்சுக்கு இது நேரெதிர். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பின்ஹப்பில் கேசட்டுக்கு (ஃப்ரீஹப்பில் ஏறும் பல்சக்கர அடுக்கு) பதிலாகத் திருகி மாட்டும் பழைய 7 அல்லது 8 கியர் ஃப்ரீவீல் இருந்தால், அந்த வண்டிக்கு இரண்டாவது ஜோடியே வேண்டாம். அந்த ஹப்பில் வலப்பக்க பேரிங் ஆக்சிலின் முனையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும். ஆக்சில் வளைவது அதனால்தான். புதுச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல வண்டிக்குச் சேர்த்து வைப்பது மேல்.

ஹப்பை அளக்கும்போது

பழையதையும் புதியதையும் ஒரே வண்டியில் மாற்றி மாற்றிப் போடப் போகிறோம் என்றால், புதுச் சக்கரத்தின் ஹப்பைத் தீர்மானிப்பது சட்டமும் ஃபோர்க்கும்தான். முன்னால் குவிக் ரிலீஸ் (லீவரை மடக்கி இறுக்கும் மெல்லிய ஆக்சில்) என்றால் ஹப்பின் அகலம் 100 மி.மீ.; துளை ஆக்சில் (ஹப்பின் வழியே நுழையும் தடித்த த்ரூ ஆக்சில்) என்றால் ஆக்சில் தடிமனோடு சேர்த்து 15×100 அல்லது பூஸ்ட் என்ற அகலமான வகையில் 15×110. பின்னால் குவிக் ரிலீஸ் 135, துளை ஆக்சில் 12×142, பூஸ்ட் 12×148. சில வண்டிகளில் 157-ம் உண்டு. இந்த வரிசையில் அதிகம் பேரை ஏமாற்றுவது 141. பார்வைக்குச் சாதாரண குவிக் ரிலீஸ், ஆனால் பூஸ்ட் அகலம். நடுத்தர விலை ஹார்ட்டெயில்கள் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகள்) பலவற்றில் இருக்கிறது. 135 என்று நினைத்து ஹப் வாங்கினால் இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு மி.மீ. இடைவெளி இருக்கும். குவிக் ரிலீஸை இறுக்கி அந்த இடைவெளியை மூடிவிடுகிறார்கள். அது சட்டத்தின் பின்கால்களை வளைப்பது. வாங்குவதற்கு முன் சக்கரத்தைக் கழற்றி, டிராப்அவுட்டின் (சட்டத்தில் ஆக்சில் உட்காரும் இடம்) உட்புறத்திலிருந்து உட்புறம் வரை எஃகு அளவுகோலால் அளந்துவிடுங்கள். வலைத்தளத்தில் உங்கள் மாடலுக்கு எழுதியிருப்பது வேறு ஆண்டின் வண்டியாக இருக்கலாம்.

142 ஹப்பை 148 சட்டத்தில் போட மாற்றுத் துண்டுகள் கிடைக்கின்றன. பின்னால் ரோட்டர் (பிரேக் டிஸ்க் தட்டு) மூன்று மி.மீ., முன்னால் 100 ஹப்பை 110 ஃபோர்க்கில் போட்டால் ஐந்து மி.மீ. வெளியே நகர வேண்டும், அதற்கும் இடைத்துண்டு தருகிறார்கள். கையில் நல்ல பழைய சக்கரம் இருந்தால் சரி. அதற்காகவே 142 ஹப்பைப் புதிதாக வாங்குவது வீண். எதிர்த்திசையில் வழியே இல்லை, 148 ஹப்பை 142 சட்டத்தில் அடைக்க முடியாது. ராக்ஷாக்ஸ் ஃபோர்க் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில ஃபோர்க்குகள் 31 மி.மீ. பெரிய முனை மூடிக்காகச் செய்தவை. அதில் சாதாரண ஹப்பும் பொருந்தும், ஆனால் தானாக நடுவில் உட்காராது. ஒரு கையால் சக்கரத்தைத் தாங்கிப் பிடித்துத் துளையைத் தேட வேண்டும். ஹப்புக்கு அந்தப் பெரிய மூடி கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஃப்ரீஹப் விஷயத்தில் மூன்று வகை. ஷிமானோவின் ஹெச்.ஜி., 2018-இல் வந்த மைக்ரோ ஸ்ப்லைன், ஸ்ராமின் எக்ஸ்.டி. டிரைவர். பத்துப் பல்லில் தொடங்கும் கேசட் இவற்றில் கடைசி இரண்டுக்கும், பதினொன்றில் தொடங்குவது ஹெச்.ஜி.க்கும். 12 கியர் என்றாலே புது வகை என்று நினைக்க வேண்டாம். ஸ்ராமின் எஸ்.எக்ஸ்., என்.எக்ஸ். ஈகிள் 11-50 கேசட்டுகள் பழைய ஹெச்.ஜி. உடலிலேயே ஏறும். ஷிமானோ டியோர் 12 கியரின் 10-51 ஏறாது. இரண்டு ஜோடிக்கும் ஒரே வகை உடல் இருப்பதுதான் நிம்மதி. முடியாவிட்டால் கேசட்டுகளின் பெரிய பல்சக்கரமாவது ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். மலைக்கு 11-50, ஊருக்கு 11-36 என்று வைத்தால் செயின் நீளத்தைப் பெரியதற்கு வெட்டியிருப்பீர்கள். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் டிரெயிலியரின் மேல் சக்கரம் சின்னக் கேசட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும், கியர் மந்தமாக விழும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பி-ஸ்க்ரூவை (இந்த இடைவெளியை மாற்றும் திருகு) திருக வேண்டியிருந்தால் பத்து நிமிடக் கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

ரோட்டர் உரசும் இடம்

இரண்டாவது ஜோடி பயன்படுமா, சுவரில் தொங்குமா என்பது தீர்மானமாகும் இடம் ஒன்று உண்டு. விலைப்பட்டியலில் அது இருக்காது. புதுச் சக்கரத்தை மாட்டி ஒரு சுற்று சுற்றினால் "ஷ்ஷ்ஷ்" என்று ரோட்டர் பிரேக் பேடில் உரசும். பேடைத் தாங்கும் காலிப்பரைத் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்து, மறுபடி இறுக்கினால் சரியாகிவிடும். ஞாயிறு இரவு பழைய சக்கரத்தை மாட்டினால் இப்போது அது உரசும். மறுபடி காலிப்பர். இப்படி மூன்று நான்கு முறை ஆனதும் மனிதர்கள் சலித்துப் போய் ஏதோ ஒரு ஜோடியிலேயே நின்றுவிடுகிறார்கள். டயரையும் ரிம்மையும் எவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இந்த ஓர் உரசல் அதையெல்லாம் வீணாக்கிவிடும்.

காரணம் எளிது. பேடுக்கும் ரோட்டருக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். ஹப்பில் ரோட்டர் உட்காரும் முகம் ஆக்சில் முனையிலிருந்து இத்தனை மி.மீ. என்று அளவு வகுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு தயாரிப்பாளரின் ஹப்புக்கும் இன்னொருவருடையதற்கும் ஒரு மி.மீ.-இல் பத்தில் இரண்டு மூன்று பங்கு வித்தியாசம் சாதாரணம். சக்கரத்திலும் தவறில்லை, பிரேக்கிலும் தவறில்லை. இதைச் சரிசெய்ய வேண்டிய இடம் காலிப்பர் இல்லை, ரோட்டர். ரோட்டருக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்க 0.2 மி.மீ. மெல்லிய வளையங்கள் விற்கிறார்கள், ரோட்டரை ஹப்பில் மாட்டும் இரண்டு முறைகளான ஆறு போல்ட்டுக்கும் சென்டர்லாக்குக்கும் (நடுவில் ஒரே வளையத்தால் பூட்டுவது) தனித்தனியாக. இரண்டு சக்கரத்தையும் மாறி மாறி மாட்டி, எதன் ரோட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். அதை அளவுகோலாக வைத்துக் காலிப்பரை நடுவில் நிறுத்துங்கள். உள்ளே தள்ளி இருக்கும் மற்றதற்கு வளையம் போட்டு வெளியே கொண்டுவாருங்கள். ஒன்று, சில சமயம் இரண்டு. அதன்பிறகு காலிப்பர் போல்ட்டைத் தொடவே கூடாது. மனமிருந்தால் அதன் தலையில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், நகர்ந்தால் தெரியும்.

இதோடு முடியவில்லை. ரோட்டரின் கனமும் ஒத்துப்போக வேண்டும். ஷிமானோவின் புது ரோட்டர் 1.8 மி.மீ., 1.5-க்குத் தேய்ந்தால் மாற்றச் சொல்கிறார்கள். பழைய சக்கரத்தில் 1.6-க்குத் தேய்ந்த ரோட்டர், புதியதில் 1.8 என்று வையுங்கள். பிரேக்கின் பிஸ்டன்கள் பேட் தேயத் தேயத் தாமாக முன்னேறும் அமைப்பு. மெல்லிய ரோட்டரில் ஒரு மாதம் ஓட்டினால் அதற்கேற்ப நெருங்கி நிற்கும். பிறகு கனமான ரோட்டரை நுழைத்தால் இரண்டு பக்கமும் உரசும், வளையத்தால் இதைத் தீர்க்க முடியாது. பிஸ்டனைப் பின்னால் தள்ள வேண்டும். மறுபடி மெல்லியதற்கு மாறும்போது பிரேக் லீவர் கைப்பிடி வரை வரும். ஆகையால் புது ஜோடி வாங்கும்போதே நான்கு ரோட்டரும் ஒரே மாடல், ஒரே அளவு, ஒரே வயதாக இருக்கட்டும். பழைய ஜோடிக்கும் புதிது வாங்குவது வீண்செலவு போலத் தோன்றும். இந்தச் செலவில் எனக்குச் சந்தேகமே இல்லை; ரிம்மில் ஒரு படி இறங்கி இதை வாங்கினாலும் நியாயம்தான். ரெசின் பேடுக்கு மட்டும் என்று அச்சிட்ட மலிவு ரோட்டர் பழைய சக்கரத்தில் இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். மலைக்காக உலோக பேட் போட்டிருந்தால் அது அந்த ரோட்டரை அரித்துவிடும். ஹப் ஒன்று ஆறு போல்ட், ஒன்று சென்டர்லாக் என்றால், சென்டர்லாக் ஹப்பில் ஆறு போல்ட் ரோட்டரை மாட்டும் இணைப்பு உண்டு. மறுதலை இல்லை. எனவே புதிதாக வாங்கும் ஹப் சென்டர்லாக்காக இருந்தால் இரண்டு வழியும் திறந்திருக்கும்.

கேசட்டுக்கும் இதே கதை, கொஞ்சம் தாராளமாக. இரண்டு ஹப்பில் கேசட்டின் இடம் சற்று மாறினால் ஏதாவது ஒரு கியரில் டிக் டிக் சத்தம் வரும். ஷிஃப்டர் கேபிளின் திருகுக் குமிழைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பினால் போய்விடும். எந்தச் சக்கரத்துக்கு எந்தப் பக்கம் எத்தனை கிளிக் என்று ஒரு துண்டு டேப்பில் எழுதிச் சட்டத்தின் அடிப்பக்கம் ஒட்டிவிடலாம். ஒரு முழுச் சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால், டிரெயிலியர் எதுவரை நகரலாம் என்று நிறுத்தும் எல்லைத் திருகுகளும் தவறாகிவிடும் என்று பொருள். கடைசிப் பெரிய பல்லைத் தாண்டிச் செயின் கம்பிக்குள் விழும் ஆபத்து அது. கேசட்டுக்குப் பின்னால் மெல்லிய வளையம் போட்டுச் சரிசெய்யுங்கள், அல்லது இரண்டு எல்லையையும் எச்சரிக்கையான பக்கத்துக்கு வையுங்கள்.

செயின்தான் பலரும் மறக்கும் செலவு. பழைய சக்கரத்தின் கேசட் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். அதனோடு சேர்ந்து நீண்ட செயினைப் புதுச் சக்கரத்தின் புதுக் கேசட்டில் ஓட்டினால், அழுத்தி மிதிக்கும்போது சின்னப் பற்களில் தாவும். அந்தத் தாவல் மலை ஏற்றத்தில், எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில்தான் வரும். இரண்டு வழி உண்டு. இரண்டு ஜோடியையும் புதுச் செயினோடு சேர்த்துத் தொடங்கி, அளவுகருவியில் 0.5 சதவீதம் காட்டியதும் செயினை மாற்றிக்கொண்டே போவது. அல்லது பழைய கேசட்டுக்குப் பழைய செயின், புதுக் கேசட்டுக்குப் புதுச் செயின் என்று சக்கரத்தோடு செயினையும் மாற்றுவது. அதற்கு மறுமுறை பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே சொல்லும் இணைப்புக் கண்ணி வேண்டும். எல்லாக் கண்ணியும் அப்படி இல்லை.

கம்பி, நிப்பிள், டேப்

மலைச் சக்கரத்தைக் கட்டச் சொல்லும்போது என் தேர்வில் குழப்பமில்லை. அலுமினிய ரிம், 30 மி.மீ. உள் அகலம், 32 துளை, நடுவில் 1.8 மி.மீ.க்கு மெலிந்த 2.0 மி.மீ. கம்பி, மூன்று குறுக்கு (ஒவ்வொரு கம்பியும் மற்ற மூன்றைக் கடக்கும் பின்னல்), பித்தளை நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சின்னத் திருகு). கார்பன் ரிம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அலுமினியம் அடிபட்டால் வளையும், கடைக்காரர் ஓரளவு நிமிர்த்துவார், அன்றைய பயணம் முடியும். கார்பன் அடிபட்டால் விரிசல். நேர்க்கம்பி ஹப்புகள் கண்ணுக்கு அழகு. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒரு கம்பி அறுந்தால் அந்தக் கம்பியை எங்கே தேடுவது? கொக்கி வளைவுள்ள சாதாரணக் கம்பியாக இருந்தாலும் நீளம் முக்கியம். முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம் நான்கின் நீளத்தையும் கட்டுபவரிடம் எழுதி வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பி மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். அலுமினிய நிப்பிளில் ஒரு ஜோடிக்கு ஐம்பது கிராம் அளவுக்குத்தான் மிச்சமாகும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். கடற்கரைச் சாலையில் ஓட்டுபவருக்கு அது எப்போதுமே நஷ்டம்.

கட்டி முடித்த சக்கரம் கையில் வந்ததும், ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டிரண்டு கம்பிகளாகச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். ஒரே பக்கக் கம்பிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே விறைப்பில் இருக்க வேண்டும். பின்சக்கரத்தின் கேசட் பக்கம் 110 முதல் 120 கிலோ இழுவிசை, எதிர்ப்பக்கம் இயல்பாகவே குறைவு. முதல் முறை ஏறி மிதிக்கும்போது "டிங், டிங்" என்று சத்தம் வந்தால் கம்பி முறுக்கு அவிழ்கிறது என்று அர்த்தம். முதல் 100 முதல் 150 கிலோமீட்டருக்குள் ஒருமுறை பெண்டு எடுத்துவிட்டால் அதன்பின் வெகுநாள் நிற்கும்.

டியூப்லெஸ் மலை ஜோடிக்கு மட்டும் போதும். தார்ச்சாலை ஜோடிக்கு 2.0 டயரும் டியூபும் 40 பிஎஸ்ஐ அளவுக் காற்றும். பஞ்சர் ஆனால் எந்தக் கடையிலும் ஒட்டலாம். மலை ஜோடியில் கம்பித் துளைகளை மூட ரிம்முக்குள் ஒட்டும் டேப், ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மி.மீ. அகலமாக இருக்கட்டும். ரிம்மை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, வால்வுத் துளைக்கு ஒரு சாண் முன்னால் தொடங்கி, இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்றி, துளையைத் தாண்டி ஒரு சாணில் முடியுங்கள். துளையைக் கத்தியால் கீற வேண்டாம், கூரான சூடான ஆணியால் குத்தினால் டேப் கிழியாது. டயரை உட்காரவைக்கக் கைப்பம்பு போதாவிட்டால், வால்வின் உட்கருவைக் கழற்றிவிட்டுப் பஞ்சர் கடை கம்பிரசரில் அடிக்கலாம். மெல்லிய வால்வுக்கான பித்தளை அடாப்டரைப் பையில் வைத்திருந்தால் சரி. டயரிலும் ரிம்மிலும் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்டக்கூடாது. 29 இன்ச் 2.4 டயருக்கு 100 மில்லி அளவு சீலன்ட் ஊற்றுங்கள்.

மாதம் ஒருமுறை மட்டும் இறங்கும் ஜோடிக்கு எதிரி வெயில்தான். மாடிப்படிக்குக் கீழேயோ பால்கனியிலோ தொங்கும் டயரில் சீலன்ட் அடியில் தேங்கி, இரண்டு மூன்று மாதத்தில் ரப்பர் தோலாகிவிடும். வாரம் ஒருமுறை போகிற வாக்கில் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். மலைக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள்; திரவம் அலையும் சத்தம் இல்லையென்றால் 60 மில்லி சேர்க்க வேண்டும். ரோட்டர் மேல் பழைய பருத்தித் துணியைக் கட்டி வைப்பது நல்லது. பக்கத்தில் செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் அதன் பூந்துளி போதும், பேட் கெட்டு பிரேக் அலறும். காரின் பின்பெட்டியில் சக்கரங்களை அடுக்கினால் ரோட்டருக்கு இடையில் அட்டை வையுங்கள்.

மாற்றும் நாளில் செயினைச் சின்னப் பல்லுக்கு இறக்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரில் பேடுகளைப் பிரித்து வைக்கும் பிளாஸ்டிக் துண்டையோ இரண்டாக மடித்த அட்டையையோ செருகிவிடுங்கள். சக்கரம் இல்லாதபோது யாராவது பிரேக்கை அழுத்தினால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது கட்டாயம் நடக்கும். புதுச் சக்கரம் உள்ளே போனதும் துளை ஆக்சிலை அதில் பொறித்துள்ள முறுக்களவுக்கு இறுக்குங்கள். குவிக் ரிலீஸ் என்றால் வண்டியைத் தரையில் நிறுத்தி, எடையை அழுத்தி, பிறகு லீவரை மூடுங்கள். தூக்கிப் பிடித்துக்கொண்டு மூடினால் சக்கரம் கோணலாக உட்காரும், நேற்று உரசாத ரோட்டர் இன்று உரசும். டேப்பில் எழுதிய கிளிக்கைத் திருப்பி, எல்லாக் கியரையும் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். தெருமுனை வரை போய் முன்னும் பின்னும் பத்துப் பத்து முறை பிரேக் பிடித்துவிட்டு, காற்றைப் பார்த்துக் கிளம்பலாம்.